சாத்தம் துறையின் விசில்காரர்

ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு உலை வைத்தவன் நான். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, போர்ட் பிளேரில் ஒரு சர்வதேச நிவாரண அமைப்பின் சட்ட அதிகாரியாக இருந்தேன். எங்கள் வண்டிகளை யாரும் சோதிக்கவோ பறிமுதல் செய்யவோ கூடாது என்று அரசோடு ஒப்பந்தம் இருந்தது.

சாத்தம் துறையில், எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரியில் வண்டிகளை ஏற்றிவிடுபவர் அவர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, வாயில் எப்போதும் விசில். பேசுவதற்கு மட்டும் அதை எடுப்பார். அன்று ஃபெர்ரியில் ஓரிடம்தான் மிச்சம். முன்னால் நின்ற மீன்காரம்மாவின் வண்டியைத் தாண்டி என் ஜீப்பை விட்டேன்.

"சார், பீச்சே ஜாயியே. பின்னாடி போய் லைன்ல வாங்க."

"இந்த வண்டியைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. சோதிக்கவோ பிடித்துவைக்கவோ கூடாது என்று சர்வதேச ஒப்பந்தம்."

"நான் சோதனையும் போடல, பிடிச்சும் வைக்கல. பின்னாடி நில்லுங்கன்னேன். அம்மாவோட ஐஸ் உருகுதே, அதுக்கு எந்த ஒப்பந்தம் சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல், எங்கள் சட்டப் பாதுகாப்பை அவர் மீறிவிட்டதாகப் புகார் கொடுத்தேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

வரிசையைத் தாண்டும் உரிமை ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. புகார் கொடுக்கும்போதே அது எனக்குத் தெரியும். மனம் உறுத்தி, சில வாரம் கழித்து அவருடைய மேலதிகாரியிடம் போய் அதைச் சொன்னேன். அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை ஜீப்பை வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். என் முறை வந்தது. அவர் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் ஊதுகிற அதே ஒற்றை ஊதலை எனக்கும் ஊதிக் கையசைத்தார். அவர் விசிலுக்குக் காத்திருந்து ஏறியவன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.