இலைமேல் வைத்த கை

“அனகாபுத்தூர்ல உங்க பெரியம்மா பொண்ணு இருந்தாங்களே, அவங்க வரலையா?” என்று மாணிக்கவேல் பந்தியில் கேட்டார் என்றால், அடுத்த நொடி இலையில் ஒரு கரண்டி சோறு விழப்போகிறது என்று அர்த்தம். சாப்பிடுகிறவர் “போதும், போதும்” என்று இலைக்கு மேலே கையைக் குடை மாதிரி விரித்துக்கொண்டிருப்பார். கேள்வி காதில் விழுந்ததும், “அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்துல” என்று காட்ட அந்தக் கை தானாக எழும்பும். எழும்பின கைக்குக் கீழே சோறு இறங்கிவிடும். கோபித்துக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தால் ஆள் நாலு இலை தாண்டிப் போயிருப்பார்.

எல்லாருக்கும் இப்படிச் செய்துவிடமாட்டார். கையிலேயே இரண்டு ஜாதி உண்டு என்பார். வெட்கப்படுகிற கை இலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கும். வயிறு நிறைந்த கை இலையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். தொட்டுக்கொண்டு கிடக்கிற கைமேல் அவர் ஒரு பருக்கை போட்டதில்லை. அந்தரத்தில் நிற்கிற கையைச் சும்மா விட்டதுமில்லை.

பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரைக்கும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எத்தனை கல்யாண மண்டபம் இருக்கிறதோ, அத்தனையிலும் முப்பத்திரண்டு வருஷமாக அன்னக்கூடை தூக்கிய ஆள். காதுகுத்தில் பார்த்த முகத்தை அந்த வீட்டு அறுபதாம் கல்யாணத்திலும் மறக்கமாட்டார். யாருக்கு யார் சித்தப்பா, யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்குப் போனாள், எந்த அண்ணன் தம்பி அப்பன் காரியத்தன்று பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். பேச்சை நிறுத்தினவர்களை அவரே கூட்டிக்கொண்டு போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி இரண்டு வரிசையில் உட்காரவைத்துவிடுவார். மாணிக்கவேல் நிற்கிற பந்தியில் சண்டை வந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆள் குள்ளம். முன்மண்டையில் முடி இல்லை. மடித்துக் கட்டின வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பந்தியில் செருப்புக்காலோடு நிற்கிறானே என்று முணுமுணுக்கிறவர்களுக்கு, “மண்டபத்துக்குள்ள மட்டும் போடற ஷூம்மா, தெருவையே பாத்ததில்ல” என்று தானே போய் விளக்கம் சொல்லிவிட்டு வருவார்.

அந்த ஷூ வந்த கதை இதுதான். போன வைகாசியில் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தி முடிந்து தரை துடைக்க வந்த பெண், “யாரு கால்லய்யா ரத்தம்?” என்று கத்தினாள். இரண்டு வரிசைக்கும் நடுவே, போகவும் வரவும் சின்னச் சின்னதாகச் சிவப்புத் தடம். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் ஒற்றைக்காலில் நின்று உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். மாணிக்கவேலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினார். ஊக்கு ஒன்று பெருவிரலுக்குக் கீழே பாதி தூரம் ஏறியிருந்தது. அதோடு அவர் ஒரு பந்தி முழுக்க நடந்திருக்கிறார், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு நின்றது.

சேலையூர் டாக்டரம்மா ஷர்மிளா காலைக் கட்டிவிட்டு ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் அவரை உட்காரவைத்துச் சொன்னார்: “மூணு மாசச் சர்க்கரை பத்தரை. கால்ல உணர்ச்சி குறைஞ்சிடுச்சு. சூடான சாம்பார் கொட்டினாலும் உங்களுக்குத் தெரியாது. ஆவணிக் கடைசியில திரும்பப் பாப்போம். அதுவரைக்கும் ஷூ இல்லாம பந்தியில நிக்காதீங்க. எட்டுக்குக் கீழ கொண்டாங்க, ஷூவோட இதே வேலையைத் தொடரலாம்னு நானே எழுதித் தரேன். இல்லேன்னா வேற வேலைதான். மாத்திரையை மட்டும் நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க.”

கான்ட்ராக்டர் சத்தியநாதன் நல்ல மனுஷன். “கவலைப்படாதீங்க மாணிக்கம். முடியலேன்னா வாசல்ல உக்காந்துடுங்க. சந்தனம், கற்கண்டுத் தட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்” என்றார். அன்று ராத்திரி மாணிக்கவேல் மனைவியிடம், “சக்கரை வியாதிக்காரனைக் கற்கண்டுக்குக் காவல் வைக்கிறாராம்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வாசலில் உட்கார்ந்தால் வருகிறவர்களைப் பார்க்கலாம், சாப்பிடுகிறவர்களைப் பார்க்கமுடியாது. அவருக்கு அது பாதி உத்தியோகம் போன மாதிரி.

சரி, அரிசியை ஒழித்துவிடுவோம் என்று ஒரே நாளில் நிறுத்தினார். நாலு நாள் வேளைக்கு எட்டுச் சப்பாத்தி தின்றார். ஐந்தாம் நாள் மண்டபத்து வற்றக்குழம்பு வாசனையில் விழுந்து, நாலு நாள் சோற்றையும் ஒரே இலையில் முடித்தார். டாக்டரம்மாவிடம் மறைக்கவில்லை. “அரிசியை விட்டுட்டுக் கோதுமைக்குக் கட்சி மாறியிருக்கீங்க, அவ்வளவுதான்” என்றார் அவர். “எதையும் ஒரேயடியா விடாதீங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு கரண்டி குறைங்க. குறைச்ச எடத்தைக் காயால, சுண்டலால, முட்டை, மீனால நிரப்புங்க.”

மாணிக்கவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கரண்டின்னா மண்டபக் கரண்டியா, வீட்டுக் கரண்டியாம்மா?” என்று கேட்டார்.

“மண்டபக் கரண்டி எவ்வளவு பெருசு?”

கையை விரித்துக் காட்டினார்.

“வீட்டுக் கரண்டி” என்றார் டாக்டரம்மா அவசரமாக.

வீட்டுக் கரண்டியில் நாலு, அதுதான் அவருடைய பழைய கணக்கு: சாம்பாருக்கு இரண்டு, ரசத்துக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று. காலையில் ஆறு இட்லி தனி. முதலில் காப்பியிலிருந்து சர்க்கரையை இறக்கினார். பிறகு இட்லி ஆறு நாலாகி, நாலு இரண்டாகி, பக்கத்தில் ஒரு கிண்ணம் பயறு வந்து உட்கார்ந்தது. சோற்றுக்கு வந்தபோதுதான் தகராறு. இரண்டு கரண்டியை நடு இலையில் போட்டால் அது காலி மைதானத்தில் நிற்கிற ஒற்றை ஆள் மாதிரி இருந்தது. பார்த்த மாத்திரத்தில் பசித்தது.

ஆகையால் ஒருநாள் மனைவி சுபத்ராவிடம், “சோறு போடற எடத்துல கூட்டையும் பொரியலையும் போடு. பொரியல் வைக்கிற மேல் மூலையில சோத்தை வை” என்றார்.

சுபத்ரா பொழிச்சலூர் தச்சர் வீட்டு மூத்த பெண். நாலு தம்பிகளுக்குச் சோறு போட்டு வளர்ந்தவள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “இன்னாங்க இது, யாராவது பாத்தா சிரிக்கமாட்டாங்க? இலை முறையே மாறிப்போச்சே!”

“இலையை நான் திருப்பலையே. ஒத்துப்போகாதவங்களைத் தள்ளி உக்கார வெச்சிருக்கேன். பந்தியில தினம் செய்யறதுதானே.”

நடுவில் குவியலாக அவரைக்காய்ப் பொரியல், மூலையில் ஊறுகாய் மாதிரி சோறு. அதைப் பார்த்துவிட்டு, சுபத்ராவின் கடைசித் தம்பி மாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாரிக்கு நாற்பது வயசு. அவனும் சத்தியநாதன் ஆட்களில் ஒருவன். சாம்பார் வாளி அவனுடையது. “இன்னா மாமா, சோத்தைத் தொட்டுக்கினு பொரியலைத் துன்றே? இனிமே கல்யாணத்துல ஒரு அண்டா பொரியல், ஒரு கிண்ணம் சோறா?”

“நல்லா சிரி மச்சான். உனுக்கும் அம்பது வரும்.”

வீட்டில் சமாளித்துவிட்டார். மண்டபத்தில்தான் பேஜார். பரிமாறுகிறவர்கள் சாப்பிட உட்காரும்போது மணி நாலாகிவிடும். அந்த நேரத்துக்குப் பொரியல், கூட்டு, அவியல் எல்லாம் துடைத்துவிட்ட பாத்திரம். மிச்சம் இருப்பது சோறும் ரசமும்தான். முன்னாலேயே ஒரு டப்பாவில் எடுத்துவைத்தால் என்ன என்று மாரி கேட்டான். மாணிக்கவேல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “வீட்டுக்காரங்க கை நனைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா அது சாப்பாடு இல்லடா, திருட்டு.”

வழி சொன்னது காய் நறுக்கும் குப்பம்மா. ஒரு கல்யாணத்துக்கு நாலு மூட்டைக் கோஸ் நறுக்குகிற கை அவளுடையது. “கோஸ் நடுத்தண்டு, காலிபிளவர் காம்பு, முள்ளங்கிக் கீரை, எல்லாம் மாட்டுக்குத்தானே போவுது? மாட்டோட பங்குல கொஞ்சம் எட்த்துக்கினா மாடு இன்னா கேஸா போடும்?” என்றாள். அதுமுதல் பந்திக்கு நடுவே சின்னச் சட்டியில் தேங்காய் போட்டு வதக்கி, மூடிவைத்து, மூடிமேல் சாணைக்கல்லை வைத்துவிடுவாள். நாலு மணிக்கு மாணிக்கவேல் உட்கார்ந்ததும், “மாட்டுக்கு வெச்சிருக்கேன், வா” என்று கூப்பிடுவாள். அந்தத் தண்டுப் பொரியல் நன்றாக இருக்கிறது என்று இப்போது இன்னும் மூன்று பேர் கை நீட்டுகிறார்கள். மாட்டின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது.

ஆடி முடிவதற்குள் ஒரு கரண்டிக்கு வந்துவிட்டார். வேட்டியை இரண்டு விரல் இறுக்கிக் கட்டவேண்டியிருந்தது. அந்த ஒரு கரண்டியைச் சாம்பாருக்கும் கொடுக்கவில்லை, ரசத்துக்கும் கொடுக்கவில்லை, தயிருக்கென்று வைத்துக்கொண்டார். ரசத்தை டம்ளரில் குடித்துவிடுவார்.

ஒரே ஒரு நாள் தோற்றார். தோற்கடித்தவன் மாரி. ஆடி முடிந்து முதல் முகூர்த்தம், நாலு மணிச் சாப்பாடு. மாணிக்கவேல் இலைமேல் கையை விரித்தபடி இருந்தார். மாரி தயிர்சாதத்தோடு வந்து, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, “மாமா, நம்ம படப்பை சித்தப்பா வந்துக்கினு இருந்தாரே, எங்க போய்ட்டாரு?” என்றான். மாணிக்கவேல், “தோ, கைகழுவற எடத்துல…” என்று கையைத் தூக்கினார். மண்டபக் கரண்டியில் இரண்டு விழுந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் எச்சில் இலையோடு போகிற சோற்றைப் பார்த்த மனுஷன், தன் இலையில் விழுந்ததை ஒதுக்கமாட்டார். கடைசிப் பருக்கை வரை தின்றார். கை கழுவும்போது, “என் கத்தியாலயே என்னைக் குத்திட்டான்” என்று குப்பம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலை விரலில் குத்திப் பார்த்தபோது வந்த சர்க்கரை அளவை வீட்டில் சொல்லவில்லை.

இதற்கிடையில் மகள் ஜெயப்ரியாவுக்கு ஏழாம் மாசம். மாப்பிள்ளை ஹேமநாத்துக்கு மறைமலை நகரில் கார்க் கம்பெனி வேலை; வீடும் அங்கேயே. ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று முடிவானது. திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க டாக்டரம்மா சீட்டு எழுதியிருந்தார். “மூணு மாசச் சர்க்கரை ஒருநாள் சாப்பாட்டுல ஏறிடாது, பயப்படாதீங்க” என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் ஒருநாள் அவிழ்த்துவிட்டால் மறுநாள் தன்னைக் கட்டமுடியாது என்பது மாணிக்கவேலுக்குத் தெரியும். ஊரார் வயிற்றை அளந்தவருக்குத் தன் வயிறு தெரியாதா?

வளைகாப்பு விருந்து என்றால் என்ன? பெண் வீட்டுச் சீராக வருகிற ஏழு வகைச் சோறு. சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள், தயிர். அத்தனையையும் பெண்ணைப் பெற்றவராக அவரே முன்னே நின்று செய்து, மூன்று மணிநேரம் வாசனை பிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எட்டாவதாக ஒரு குண்டான் பீன்ஸ் பொரியலும் போனது. “வளையக்காப்புக்கு இன்னாத்துக்கு இம்மாம் பொரியல்?” என்று மாரி கேட்டதற்குக் குப்பம்மா, “மாட்டுக்கு” என்றாள்.

மகள் கை நிறைய வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து முடிந்ததும் பந்தி. அன்று மாணிக்கவேல் கரண்டி தூக்கவில்லை. சம்பந்தி வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பொரியலைக் குவியலாக வாங்கினார். ஒரு வீட்டுக் கரண்டி அளவு தயிர்சாதம் வாங்கி மூலையில் வைத்துக்கொண்டார். புளிச்சோறு வந்தது, கையை விரித்தார். எலுமிச்சை வந்தது, விரித்தார். பாதிப் பந்தியில் சம்பந்தியம்மாள் வந்து எதிரே நின்றார்.

“என்ன சம்பந்தி, பொரியலாலேயே வயித்தை ரொப்பறீங்க? நாங்க ஏதாவது குறை வெச்சுட்டோமா? மாரி, உங்க மாமாவைக் கவனிங்க!”

மாணிக்கவேலின் முகம் சிவந்தது. பெண் கொடுத்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அவர் வயசு ஆட்கள் மறுபேச்சு பேசாமல் இலையைக் காட்டிவிடுவார்கள். நாலாவது இலையில் சுபத்ரா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மாரி வாளியோடு வந்தான். தயிர்சாதம், மேலே மாதுளை முத்து, கடுகு, கொத்துமல்லி. கரண்டி நிறைய மொண்டு கையில் ஏந்திக்கொண்டு, அதே சாதுவான முகத்தோடு குனிந்தான்.

“மாமா, காலையிலேர்ந்து பாத்துக்கினே கீறேன், நம்ம செங்கல்பட்டு அத்தையைக் காணோமே, வரலியா?”

பந்தியில் பத்துப் பேருக்கு இந்தக் கேள்வி தெரியும். பத்துக் கையும் பாதியில் நின்றது.

“வந்திருக்குதே” என்றார் மாணிக்கவேல். “பெரிய மருமவளோட, ஜன்னல் பக்கம், மூணாவது எலை.” தாடையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார். இலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றுகொண்டிருந்த கை மெள்ளக் கீழே இறங்கி, இலையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.