ஃபால்ட் வயரை வெட்டியது நான்

அன்றைக்குக் காலையிலிருந்து, கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் மெஷின் எட்டுத் தடவை நின்றுவிட்டது. பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், நான் எலெக்ட்ரீசியன். மழைக்குப் பிறகு கொழுந்து குவிந்து கிடந்தது. டிரைவில் ஃபால்ட் என்று வரும், ரீசெட் அடிப்பேன், அரைமணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"என்னப்பா வேலகாரன் நீ? கொழுந்து பூரா செவந்து போவுது. தொரைக்கு நீயா பதில் சொல்லுவ?"

"டிரைவ நிப்பாட்டி கார்ட பாக்கணுங்க ஐயா."

"நிப்பாட்டவா? ஓட வைக்கிற வழியப் பாரு!"

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் டிரைவ். உள்ளே ஆறு ஐ.ஜி.பி.டி. ஸ்விட்ச்கள், ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் தாங்கிக்கொண்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன், ஆஃப் ஆகும். அவற்றை ஏவுவது கேட் டிரைவர் கார்ட். ஸ்விட்ச் தாங்காமல் திணறினால், அதே கார்ட் ஃபால்ட் வயர் வழியாக 'நிறுத்து' என்று சொல்லும்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபால்ட் வயரை வெட்டி, எப்போதும் 'எல்லாம் சரி' என்றே காட்டும்படி ஒரு துண்டு வயரை ஜம்பராகக் குறுக்கே போட்டேன். ரோலர் நிற்காமல் ஓடியது. "பாத்தியா, மனசு வச்சா முடியுதில்ல?" என்று டீமேக்கர் தோளில் தட்டினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடப் போயிருந்தேன். ரோலர் ஆபரேட்டர் முருகேசுவுக்கு மோட்டார் உறுமுவது கேட்டிருக்கிறது. ஸ்டாப் பட்டனை அமுக்கப் பெட்டிக்குக் கிட்டே போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஸ்விட்ச் ஷார்ட்டாகி, கெப்பாசிட்டர் வெடித்து, கதவு பிய்ந்து அவன் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாயந்திரம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கேட் கார்டுக்குப் பதினைந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் வந்தது. சப்ளையில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருந்தது. அதனால் ஸ்விட்ச் முழுசாக ஆன் ஆகாமல் சூடேறியிருக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. அடப் பாவி, பத்தே நிமிஷம்!

ஜம்பரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபரேட்டர் எதையோ பிழையாக அமுக்கிவிட்டான் என்று ஆபீசில் எழுதினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட முகத்தோடு முருகேசு என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அண்ணே, நான் ஸ்டாப்பத்தானே அமுக்கப் போனேன்? வேற எதையும் மாத்தி அமுக்கிட்டேனா? என் பிழைன்னு சொல்றாங்களாம். படுத்துக்கிட்டு அதயேதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "நீ ஒரு பிழையும் செய்யல முருகேசு. ஃபால்ட் வயர வெட்டுனது நான்."

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அவன் மனைவி லெட்சுமி எழுந்து வெளியே போய்விட்டாள். முருகேசு என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"எப்ப வெட்டுனீங்க?"

"வெடிக்கிறதுக்கு மூணு நாளைக்கு முந்தி."

"மூணு நாளும் ஒங்க பக்கத்துலதானே நின்னேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கிட்டயே போயிருக்க மாட்டேனேண்ணே."

மறுநாள், வயரை வெட்டியது நான்தான் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். வேலை போனது, போகட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபால்ட் வயரில் கை வைக்கும் முன், அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவனிடம் போய், வெட்டப் போகிறேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் வெட்டாதீர்கள்.