இரண்டு அரளிப் பொட்டலங்கள்

எங்கள் வீட்டில் எதுவுமே சும்மா நடந்ததில்லை. பல்லி கத்தினால் ஒரு பலன், வாசலில் காக்கை கரைந்தால் ஒரு பலன், ரப்பர் பால் வெட்டப் போகும் வழியில் கால் இடறினால் ஒரு பலன் என்று அப்பா எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தார். ரோட்டில் இரண்டு கார் மோதிக்கொண்டால் யாருக்கு அடி என்று கேட்பதற்கு முன் கார் நம்பரைத்தான் கேட்பார். ஆண்டவனே நாலு எண்ணைக் கொண்டுவந்து கண்முன்னால் போடுகிறான், அதை எடுத்து லாட்டரியில் கட்டாவிட்டால் யாருடைய தப்பு என்பார். அந்த நம்பர் ஒருநாளும் விழுந்ததில்லை. விழாததற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, இதற்கு நேர் எதிர். ஈப்போவில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை பார்த்தார். எத்தனை தேய்த்தாலும் விரல் இடுக்கில் கறுப்பு கிரீஸ் போகாது. கோயில் பக்கம் வந்தால் பொங்கல் பானை இறக்கும் நேரம் பார்த்துத்தான் வருவார். “எல்லாம் அது பாட்டுக்கு நடக்குது லா மச்சான். சாமிக்கு வேற வேலை இல்லயா?” என்று அப்பாவைச் சீண்டுவார். இருவரும் மல்லுக்கு நிற்கும்போது அம்மா நடுவில் தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை.

அது எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கோயிலை ஒட்டிய லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால் வாளி தூக்கிக்கொண்டு நடக்கும்போது பாதி வழியில் மரத்தைப் பிடித்தபடி நின்றுவிடுவாள். நான் பார்ப்பதைக் கண்டால் உடனே நிமிர்ந்து நடப்பாள். உடனே அறுத்து எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடுங்கள், தள்ளிப் போட்டால் உள்ளேயே உடைந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அப்பா பயந்துபோனார். முந்தைய வருடம் மேல் லயத்துப் பெண் ஒருத்தி வயிற்றை அறுக்கப் போய்த் திரும்பி வரவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்களோடுதான் விளையாடும். சனிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து இறங்கியதும் சண்டை ஆரம்பித்தது.

“டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன மச்சான் யோசனை? லோரி கொண்டாந்திருக்கேன். நாளைக்குப் போலாம்.”

“அந்தப் பொண்ணு போனப்பவும் இப்படித்தான்டா சொன்னாங்க. வந்துச்சா?”

பெரியப்பா வாரம் முழுக்கத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசாரி. இரண்டு வேலையிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். “முடிவு பண்ண நாம யாரு? ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்” என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் தோட்டத்தில் சகஜம். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழை இலைத் துண்டில் மடித்து நூலால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். வயதுக்கு வராத பெண் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் போகக்கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாக ஆகும். இதே முறையில்தான் எத்தனையோ கல்யாணங்கள் முடிவாயின. இந்தத் தடவை எடுக்கப்போவது நான்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. என் கை தப்பான பக்கம் போனால் அம்மா செத்துவிடுவாள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் தப்பான பக்கம் என்பதுதான் தெரியவில்லை. போனால் சாவாளா, போகாவிட்டால் சாவாளா? மாமாவைக் கேட்டால் ஒன்று சொன்னார், அப்பாவைக் கேட்டால் வேறொன்று சொன்னார்.

காலையில் அம்மா குளித்துவிட்டு, எல்லோரும் பார்க்க ஒரு வெள்ளை அரளியைப் பறித்தாள். சிவப்பு ஏற்கெனவே கூடை நிறைய இருந்தது, அம்மன் மாலைக்காக. கோயிலுக்குப் பூக்கட்டுவது எப்போதும் அவள் வேலை, அதனால் அன்றும் அவளேதான் அடுப்படியில் உட்கார்ந்து கட்டினாள். நோயாளி கட்டலாமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரியப்பாவுக்கு மாலை கட்டத் தெரியாது.

பொட்டலங்கள் தட்டுக்கு வந்ததும் மாமா அடுப்படிக்குள் நுழைந்தார். “அக்கா, எதுல சிவப்பு?” என்று கிசுகிசுத்தார். அம்மா தலையைத் தூக்காமல் ஒன்றைக் காட்டினாள். மாமா கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். இலையில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. பிறகு என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“பாப்பா, கறுப்புப் புள்ளி வச்சதை எடு. கேட்டியா?”

“சாமி கோவிச்சுக்காதா மாமா?”

“உங்கம்மா பொழைக்கணும்னு சாமிக்கு ஆசை இருக்காதா? நம்ம கொஞ்சம் ஒத்தாசை பண்றோம், அவ்ளோதான் லா.”

ராத்திரி வரை அம்மாவை மட்டும் நினைத்துப் பயந்தவள், இப்போது சாமியை ஏமாற்றப் போகிற பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

கோயிலில் லயமே கூடியிருந்தது. மாமா வெளியே மரத்தடியில் கைகட்டி நின்றார். பெரியப்பா சூடம் காட்டிவிட்டுத் தட்டை எடுத்தார். அவருக்கு மாமாவைப் பற்றித் தெரியுமோ, இல்லை அன்றைக்கு அப்படித் தோன்றியதோ, இரண்டு பொட்டலத்தையும் தீர்த்தத்தில் நனைத்துத் திருநீற்றில் போட்டுப் புரட்டினார். இலை முழுக்க வெள்ளை அப்பிக்கொண்டது. புள்ளி எங்கோ உள்ளே போய்விட்டது. நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். எந்நேரமும் சிரிக்கும் அந்த முகம் வெளுத்துப்போயிருந்தது. என் மாமா பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

“எடு தாயி” என்றார் பெரியப்பா.

கை நீளவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பல்லி ஒன்று கத்தியது. கூட்டத்தில் யாரோ “ஆகா” என்றார்கள். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அந்த நேரத்தில் யாரைக் கேட்பது? தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். அத்தனை பேரில் அவள் மட்டும்தான் பதறாமல் இருந்தாள்.

“எதுன்னாலும் எடும்மா. பயப்படாத” என்றாள்.

கிட்டே இருந்ததை எடுத்தேன். பெரியப்பா நூலை அறுத்தார். சிவப்பு.

குலவைச் சத்தம் கோயிலைத் தூக்கியது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மாமா மரத்தடியில் இருந்தே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். புள்ளியை நான் எப்படியோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மீதிப் பொட்டலத்தைத் தண்ணீரில் விடும் வேலையும் எனக்கே வந்தது. கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால். வீசியதும் பொட்டலம் கொஞ்சதூரம் மிதந்துபோய் ஒரு கல்லில் சிக்கியது. ஈர நூல் நழுவி இலை தானாக விரிந்தது. நான் பிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் சத்தியம் செய்வேன். உள்ளே இருந்ததும் சிவப்பு அரளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கல்லைத் தாண்டி ஓடிப்போனது.

ஆத்தா வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாள்! நான் எதை எடுத்தாலும் அம்மா பிழைக்கட்டும் என்று பூவையே மாற்றியிருக்கிறாள். அப்பாவுக்குக்கூட இவ்வளவு பெரிய பலன் கிடைத்ததில்லை. ஆனால் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டேன், வெளியே சொன்னால் உத்தரவு செல்லாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து லோரியில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி அம்மாவுக்கு வேறு உடுப்புக் கொடுத்து, கழற்றிய சேலையைச் சுருட்டி என் மடியில் போட்டாள். முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், கசங்கிப்போன வெள்ளை அரளி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆத்தா பொட்டலத்திலிருந்து எடுத்த வெள்ளைப் பூவைக் கொண்டுவந்து இங்கே முடிந்து வைத்திருக்கிறாள்! மறுபடியும் முடிந்து, சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மறுநாள் அறுவை. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று என்னை லயத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பொழுது சாயும் வரை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் லயத்துப் பிள்ளைகள் வந்து ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தன. அது எனக்கு மிகவும் பயமாக இருந்தது. லோரிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டேன். அப்பா இறங்கி வந்து என்னைத் தூக்கி, “பொழச்சிட்டா” என்றார். அப்படி ஓர் அழுகை அதற்குப் பிறகு நான் அழுததில்லை.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்றாராம் டாக்டர். அது ஆத்தாளின் உத்தரவு என்று அப்பா கடைசிவரை ஊரெல்லாம் சொன்னார். மாமா ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலைத் தூக்கி எனக்கு மட்டும் காட்டிச் சிரிப்பார். இருவரையும் பார்த்து எனக்கு உள்ளூரப் பரிதாபமாக இருக்கும். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து, ஒருநாள் சாமி படத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். அந்த முந்தானை முடிச்சைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

அம்மா கையிலிருந்த நூலைச் சுற்றிவைத்தாள். பிறகு, “சாமிக்குன்னு பறிச்ச பூ, மிதிபடக் கூடாதுன்னு முடிஞ்சு வச்சேன்” என்றாள்.

“சாமியை ஏமாத்தினா தப்பில்லயாம்மா?”

“நான் எங்க ஏமாத்துனேன்? பொழைக்கணும்னு ஆசையா இருக்கு ஆத்தான்னு சொல்லித்தான் கட்டுனேன். அது மாட்டேன்னு சொல்லலயே.”

அன்று அப்பா அம்மனைக் கேட்டார். மாமா டாக்டரைக் கேட்கச் சொன்னார். கடைசியில் எட்டு வயதுப் பிள்ளை என்னையும் கேட்டார்கள். தூணில் சாய்ந்திருந்தவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் விடிகாலையிலேயே பதில் சொல்லி, நூல் சுற்றித் தட்டில் வைத்துவிட்டாள். “எதுன்னாலும் எடும்மா” என்று அவள் சொன்னபோது, அது எனக்குத் தைரியம் சொல்வதாக மட்டும்தான் கேட்டது.