ஒரு சாண் சிவப்பு வயர்

என் கடை மேசை லாச்சியில் ஒரு சாண் நீளச் சிவப்பு வயர் ஒன்று கிடக்கிறது. இரண்டு முனையிலும் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. திருகோணமலையில் வாகன வயரிங் செய்கிறவர்கள் கறுப்பு டேப்தான் சுற்றுவார்கள். மஞ்சள் சுற்றியவன் நான் ஒருவன்தான். எவர் பார்த்தாலும் இது என் கைவேலை என்று தெரியவேண்டும் என்ற பவுசு. இப்போது நானும் கறுப்புக்கு மாறிவிட்டேன்.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு கிடைத்ததும் பழைய வான் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலும் காஸ் அடுப்பும் பொருத்தினார். நினைத்த நேரம் புல்மோட்டைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி மீன் பொரித்துச் சாப்பிடலாம்; அறுவடை வந்தால் தம்பலகாமத்து வயலில் காவலுக்கு அதிலேயே படுக்கலாம் என்பது அவருடைய திட்டம். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். யானைக்கு மட்டும்தான் பயம். அந்தப் பக்கத்தில் காவலுக்குப் படுப்பவர்கள் வெளிச்சத்தை விடியும்வரை நூர்ப்பதில்லை, அணையவே விடமாட்டார்கள். நூர்ந்த இடத்தால்தான் யானை இறங்கும் என்பார்கள். அதனால் வானின் வெளிப்புறத்தைச் சுற்றி ஆறு லைட் பூட்டித் தரச்சொல்லி இருவரும் என்னிடம் வந்தார்கள்.

எஞ்சினுக்கு ஒரு பற்றரி, லைட்டுக்குக் கட்டிலின் கீழ் இன்னொன்று என்று ஒழுங்கு செய்தேன். வான் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும். எஞ்சினை நிறுத்தியதும் நடுவில் இருக்கும் ரிலே இரண்டையும் பிரித்துவிடும். லைட் எவ்வளவு எரிந்தாலும் எஞ்சின் பற்றரி அப்படியே இருக்கும். விடியவிடிய எரியட்டும், பயமே இல்லை என்று அத்தானிடம் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

கொழும்பிலிருந்து வரவேண்டிய ரிலே வரவில்லை. வயலில் வெட்டுத் தொடங்கிவிட்டதென்று அத்தான் அவசரப்பட்டார். ரிலே வரும்வரைதானே என்று, அது பூட்டவேண்டிய இடத்தில் அந்தச் சிவப்பு வயரைப் போட்டு இரண்டு பற்றரியையும் நேரே இணைத்துவிட்டேன். லைட் எஞ்சின் பற்றரியையும் சேர்த்து இறக்கிவிடும், இப்போதைக்கு நெடுநேரம் எரிய விடக்கூடாது என்று அத்தானிடம் சொல்லவேண்டும், அதை நினைத்துக்கொண்டேதான் டேப் சுற்றினேன். அந்த நேரம் பார்த்து அக்கா ஆறு லைட்டையும் போட்டுவிட்டு வானை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"தம்பி, உன்ர அத்தானுக்குத் தேரெல்லோ கட்டிக் குடுத்திருக்கிறாய். இனி வடம் பிடிக்க ஆள்தான் வேணும்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அவர்கள் புறப்பட்டும் போனார்கள். சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. அத்தான் வானில் ஏறித் திறப்பைத் திருப்பினார். வான் டிக் டிக் என்றதோடு சரி. வரம்போரச் சேற்றில் தள்ளியும் பார்த்தார், அசையவில்லை. பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்க்கும்போது அக்கா இல்லை. வான் உடனே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு நாளும் எனக்கு விடிந்ததில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒரே கதையைத்தான் சொன்னார்.

"லைட்டை நான்தான் விடியவிடிய எரிய விட்டுப்போட்டன். என்ர பிழை."

பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் எப்படியும் சொல்லிவிடுவது என்று ரிலேயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நான் தொடங்குவதற்கு முன்பே அவர் சொன்னார்: "வானைக் கிண்ணியாவில ஒருத்தரிட்டக் காட்டிப்போட்டன், மச்சான். நீங்கள் இனி அதில கை வைக்க வேண்டாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அதைத் திறந்து பார்க்கவேண்டிய வேலை தப்பியதே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ஏழு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கோழையின் பரிகாரம் அவ்வளவுதான். அவரும் ஒவ்வொரு ஞாயிறும் கை கழுவிக்கொண்டு வந்து, என்னையும் இருத்தித்தான் சாப்பிட்டார்.

போன மாதம் அத்தானும் போய்விட்டார். வான் எனக்கு வந்தது. கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ரிலே ஒழுங்காகப் பூட்டி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. என் மஞ்சள் டேப் அங்கே எங்குமே இல்லை. டாஷ்போர்ட் லாச்சியில் அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. அதற்குள், கண்ணாடியோடு, வளைத்து வைத்தபடி இந்தச் சிவப்பு வயர்.

கிண்ணியாக்காரர் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார்; மஞ்சள் டேப்பைப் பார்த்ததுமே அத்தானுக்கு விளங்கியிருக்கும். விளங்கிய பிறகும், 'என்ர பிழை' என்று கடைசிவரை ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். வானின் படியில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

நேற்று மாலை முற்றத்தில் ஆறு லைட்டையும் போட்டு எரிய விட்டேன். இன்று விடிந்ததும் போய்த் திறப்பைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. அதை ஓட விட்டுக்கொண்டு, பக்கத்தில் அக்கா இருந்து போன இருக்கையைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு கடைக்கு வந்து லாச்சியைத் திறந்தேன். வயர் கிடக்கிறது. என் பிழைதான் அத்தான் என்று சொல்ல இன்று எனக்கு வாய் வருகிறது. கேட்கத்தான் அவர் இல்லை.