முதல் பந்தியில் என் இலை

சென்னையில் ஓர் அரசு கலைக்கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வகுப்பறைக்குள் நான் நுழைந்தால் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும் என்று மாணவர்கள் சொல்வதுண்டு. மரியாதையை எவரிடமும் கேட்டு வாங்கிய பழக்கம் எனக்கில்லை. வாசகர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நலம். ஏனெனில் என்னைப் பற்றி வேறுவிதமான ஒரு செய்தி, சென்னையிலுள்ள என் பழைய நண்பர்களிடையே உலவிக்கொண்டிருக்கிறது.

மகளுக்குச் சேலத்தில் வேலை. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் வழியிலுள்ள ராசிபுரத்தில், ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த பகுதியில் வீடு வாங்கி, நானும் மனைவியும் குடியேறி மூன்று ஆண்டுகளாகின்றன. வந்த வாரத்தில் பேருந்து நடத்துநர் என்னைப் பார்த்து, “சாமி, முன்னால வாங்க, எடமிருக்குது” என்றார். சென்னையில் அதே தொழில் செய்பவர்கள் என்னைப் ‘பெருசு’ என்று அழைத்தே கேட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காணத் தெரிந்த ஊர் என்று மகிழ்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் மூக்கொழுக ஏறிய ஒரு குழந்தையிடமும் அவர், “சாமி, கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கங்க” என்றார். அதை அன்று நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அவர் இறந்த பிறகு ஒட்டிய சுவரொட்டியில் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். இங்கே எதையும் ஒளிக்க இயலாது. “நேத்து சேலம் போயிருந்தீங்களாட்ட இருக்குது, பொண்ணு சௌக்கியங்களா?” என்று பால்காரர் கேட்பார். மருந்துக் கடையில் என் இரத்த அழுத்தம் பொதுச்செய்தி. ஆயினும் நான் தேநீர்க் கடையை அணுகும்போது பேச்சு தணியும்; ஒருவர் பெஞ்சைத் துடைப்பார்; மடித்த நாளிதழ் என் கைக்கு வரும். கல்லூரியில் பல்லாண்டு உழைத்து ஈட்டியதை இந்தச் சிறு நகரம் ஒரே மாதத்தில் தந்துவிட்டதாக எண்ணினேன். அதைச் சென்னை நண்பர்களுக்குத் தொலைபேசியில் விரிவாகவே சொன்னேன்.

கேட்டவர்களில் ஒருவர் நடராசன். அதே கல்லூரியில் பொருளியல் துறையில் இருந்தவர். மனைவியை இழந்து தனித்திருந்தவர். என் பேச்சைக் கேட்டு, எங்களுக்கு அடுத்த தெருவுக்கே வாடகைக்கு வந்துவிட்டார். வரச் சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவர் ஊருக்கே அண்ணனாகிவிட்டார். என் பக்கத்து வீட்டில் இருக்கும் முத்துசாமி, சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டுபவர். என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்து, “வணக்கம் சார்” என்பார். அதோடு சரி. நடராசனைக் கண்டாலோ தெரு அதிரும்.

“ஏனுங்ண்ணா, நேத்துப் பூரா ஆளயே காணம்? ஊட்டுக்குள்ள அடைகாத்துட்டு இருந்தீங்களா?”

“காத்தேன் முத்துசாமி. ஒரு குஞ்சும் பொரியல.”

“வயசு போன கோழிக்கு எங்கீங்க பொரியும்!”

பேராசிரியராக இருந்த ஒருவரைப் பார்த்துப் பேசும் பேச்சா இது? இத்தகைய கேலி என் வாசல்படியை மிதிக்காது என்று பெருமைப்பட்டேன். ஆனால் முத்துசாமி தம் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க நாமக்கல் போனபோது காரின் முன்னிருக்கையில் நடராசன் இருந்தார். மூன்று ஆண்டுகளாகச் சுவரைப் பகிர்ந்துகொண்டவன் நான். காரில் போனவர் அடுத்த தெருக்காரர். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்குத் தமிழில் ஒரே பெயர்தான் உண்டு. பொறாமை என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

திருமணம் முடிவானதும் முத்துசாமியும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அழைப்பிதழ் வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தனர். நின்றபடியே, “சார் அவசியம் குடும்பத்தோட வந்து ஆசீர்வாதம் பண்ணோணுங்க” என்றனர். மறுநாள் காலை நடராசன் தெருவில் போகும்போது முத்துசாமி மதில்மேல் சாய்ந்துகொண்டு கத்தினார்: “அண்ணா, மொத நாளே மண்டபத்துக்கு வந்துருங்க. பந்தி உங்க பொறுப்புங்க, சொல்லிப்போட்டேன்!” தாம்பாளமுமில்லை, அழைப்பிதழுமில்லை. நடராசன்பால் எனக்கு இரக்கமே பிறந்தது. மெய்யாகவே, அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

திருமணத்தன்று என்னை முன்வரிசையில் அமர்த்தினார்கள். முதல் பந்தியில், வங்கி மேலாளருக்கு அடுத்த இலை. ராசிபுரத்தார் நெய்யைக் கேட்டு ஊற்றுவதில்லை, பருப்பை மூழ்கடித்துவிட்டார்கள். அப்போதுதான் நடராசனைக் கண்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டைச் சுற்றி, சாம்பார் வாளியோடு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முத்துசாமியின் மைத்துனர் மறுகோடியிலிருந்து கத்தினார்:

“ஏனுங்ண்ணா, கடைசி வரிசை காஞ்சு கெடக்குது! கத பேசவா வாளியக் குடுத்தோம்? சுருக்கா வாங்க!”

“தோ வந்துட்டேன்யா!” என்று நடராசன் ஓடினார்.

மூன்று ஆண்டுகளில் இந்த ஊரில் எவரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. எந்த வேலையும் சொன்னதில்லை. தாம்பாளம் வைத்து அழைப்பது விருந்தாளியை. மதில்மேலிருந்து கத்தி அழைப்பது தம்மவரை. பெஞ்சைத் துடைத்துக் கொடுத்ததெல்லாம் மரியாதைதான், ஐயமில்லை. நாளை தம் ஊருக்குத் திரும்பிப் போய்விடக்கூடிய ஒருவருக்குத் தரப்படும் மரியாதை அது. சோறு பாதியிருக்க நான் எழுந்தேன்.

முத்துசாமி பதறி ஓடிவந்தார். “சார்! என்னங்க சார், ஏதாச்சும் கொறைங்களா?”

“குறை ஒன்றுமில்லை. எனக்கும் ஒரு வாளி கொடுங்கள்.”

அவர் பார்வை என் வலக்கையில் நின்றது. பருப்பும் நெய்யும் அதில் காய்ந்துகொண்டிருந்தன. “அய்யோ, நீங்க எதுக்குங்க சார்? உக்காருங்க. டேய், சாருக்கு இன்னொரு ஜிலேபி கொண்டாங்கடா!” என்று தோளைத் தொடாமல் தொட்டு என்னை இலைப்பக்கம் திருப்பினார். கையைக் கழுவினால் என் விருந்து முடிந்துவிடும். கழுவாமல் வாளியைத் தொடலாகாது. இலைக்கும் வாளிக்கும் இடையே அந்தக் கையை ஏந்தியபடி நான் நின்றது சிறிது நேரம்தான். சென்னையிலும் இப்போது எனக்கென்று ஒரு வாளி இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

இலையில் இனிப்பு வைக்க மறந்ததற்காகப் பேராசிரியர் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துவிட்டார் என்று நடராசன் சென்னை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அது தவறு. இனிப்பை முதலிலேயே வைத்துவிட்டார்கள். நான் எழுந்தது வாளி கேட்பதற்காக.