எதிர்வீட்டு நெருப்பு

எனக்கு இந்தியாதான் வெளிநாடு. இப்படிச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சிரிக்கிறார்கள். நான் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, தாலி கட்டிக்கொண்டது எல்லாமே ரங்கூனில். யுத்தம் நெருங்கிவிட்டது என்று நாற்பத்திரண்டின் தொடக்கத்தில் நானும் கணவரும் கப்பலேறியபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா எங்களோடு வரவில்லை. "மாமன் தொணைக்கு இருக்கான். நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வரேன்" என்று துறைமுகத்தில் சொன்னாள். அதை நம்பித்தான் ஏறினேன்.

கப்பல் முழுக்கக் கணவர் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்: "நம்ம ஊருக்குப் போறோம்." அது அவருடைய ஊர். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, பெரம்பலூர்ப் பக்கமாக மாட்டு வண்டியில் அரை நாள் குலுங்கினால் வரும். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த கூரை வீடு எங்களுக்காகக் காத்திருந்தது. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. அரைக் கட்டியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாவைப் பிரிந்தபோது அழாதவள் சோப்புக்கு அழுகிறாளே என்று கணவர் பயந்துபோனார்.

ஒரே மாதத்தில் அவருக்குப் பெரம்பலூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற ஆறு நாளும் நானும் கம்பும்தான். கம்பைத் தண்ணீர் தெளித்துக் குத்தி உமி போக்கவேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உமியோடு வேகவைத்துத் தின்று தொண்டை கமறிக்கொண்டு கிடந்தேன். தெருவில் என் பெயர் 'ரங்கூன்காரி.' நான் தண்ணீர் சேந்துவதைக்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. பர்மியப் பாஷையில் நன்றாகத் திட்டத் தெரியும். எதிர்வீட்டு அக்காவின் ஆடு என் முருங்கைக் கன்றைக் கடிக்க வரும்போதெல்லாம் வாசலில் நின்று வாய் வலிக்கத் திட்டுவேன். திட்டி முடித்ததும் மனசு லேசாகிவிடும். ஒருநாள் அந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்தா புள்ள, நீ ஆட்டத்தான் வையிறியா, இல்ல என்னையா?" இரண்டு பேரையும்தான் என்று தமிழில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இன்னொரு ஆறுதல், அம்மாவுக்குக் கடிதம் எழுதுவது. ரங்கூனை ஜப்பான்காரர்கள் பிடித்துவிட்டார்கள், இனி தபால் போகாது என்று தபால்காரர் சொல்லிவிட்டார். போகாவிட்டால் என்ன, எழுதுவதை யார் தடுக்க முடியும்? எழுதி எழுதி ஒரு காலிப் பானையில் போட்டு வைத்தேன்.

அந்தச் சித்திரையில் ஒரு காலை, சங்கு ஊதும் சத்தம் கேட்டது. கோவிலில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டி உலை வைத்தேன். கூரை வழியாகப் புகை போயிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்து, எரிகிற விறகுகளை உருவி வெளியே கொண்டுபோய் மண்ணில் குத்தி அணைத்தாள்.

"தெருக்கோடியில பொணம் கெடக்கு. எடுக்காம யாராச்சும் அடுப்பு மூட்டுவாங்களா? ஒங்க ரங்கூன்ல இதெல்லாம் கெடையாதா?"

கிடையாதுதான். அங்கே மேல்மாடியில் ஒருவர் செத்துக் கிடந்தாலும் கீழே எங்கள் வீட்டு உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். யார் என்னவென்றே தெரியாது. செத்தவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லையே, அவருக்காக நான் ஏன் பட்டினி கிடக்கவேண்டும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அன்று பசியோடு எழுதிய கடிதம்தான் பானையிலேயே நீளமானது. 'சீக்கிரம் வா, இல்லாவிட்டால் என்னை அழைத்துக்கொண்டு போ' என்று முடித்திருந்தேன்.

நாளாக ஆக, ஊர் பழகியது என்று சொல்லமாட்டேன். எனக்குக் கை பழகியது. கம்பஞ்சோறு பதமாக வந்தது. தீப்பெட்டி கிடைக்காத காலம் அது. முதலில் யார் வீட்டில் புகை தெரிகிறதோ அங்கே வறட்டித் துண்டோடு போய் நெருப்பு வாங்கி வருவோம். எனக்கு எதிர்வீடுதான் பக்கம். பேச்சு அதிகமில்லை. நெருப்பு கேட்பேன், அக்கா கொடுப்பாள். பெட்டியிலிருந்து என் நல்ல புடவைகளை மட்டும் எடுக்கவேயில்லை. எப்படியும் திரும்பிப் போகத்தானே போகிறோம்!

யுத்தம் முடிந்த மறுவருஷம் தபால் வந்தது. ஒரு கார்டு, மாமா எழுதியது. நாங்கள் கப்பலேறிய நாலாம் மாதமே அம்மா காய்ச்சலில் போய்விட்டாளாம். நான் எழுதிய கடிதங்களில் முக்கால்வாசி இல்லாதவளுக்கு எழுதியவை. மத்தியானம் முழுக்க அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு இன்றைக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

மாடுகள் வீடு திரும்பும் நேரத்தில், கை பழகிய வழக்கமாக வறட்டித் துண்டை எடுத்துக்கொண்டு நெருப்பு வாங்க எதிர்வீட்டுக்குப் போனேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சரி, பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று திரும்பியவள் அப்போதுதான் தெருவைப் பார்த்தேன். ஒரு கூரையிலும் புகை இல்லை.

"யாரு அக்கா தவறிட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரா? ஒங்கம்மாதான்."

கார்டைத் தபால்காரர் வழியிலேயே படித்துவிட்டார். எனக்கு முன்பே தெருவுக்குச் சேதி தெரிந்திருக்கிறது.

"அது நாலு வருஷம் ஆச்சு அக்கா. எப்பவோ எடுத்திருப்பாங்க."

"எடுத்தாங்களோ போட்டாங்களோ, நாங்க என்னத்தக் கண்டோம்? நமக்கு இன்னிக்குத்தான சேதி வந்துருக்கு." அவள் எழுந்து என் கையிலிருந்த வறட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "வா புள்ள, கெணத்தடிக்கு. நீ தலை முழுவினாத்தான் நாங்க ஒலை வைக்க முடியும். புள்ளைங்கல்லாம் பசியில கெடக்குதுங்க."

என் அம்மாவின் முகத்தை அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. கிணற்றடியில் முதல் குடம் தண்ணீர் தலையில் விழுந்ததும் வாய்விட்டு அழுதேன். அக்கா இறைத்து இறைத்து ஊற்றினாள். ஈரப் புடவையோடு திரும்பி வரும்போது எதிர்வீட்டுக் கூரையில் புகை கிளம்பியது. பிறகு அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில். அன்று எனக்கு ஆறு வீட்டிலிருந்து சோறு வந்தது. சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.