அக்காவின் காளான் அறை

எண்பதுகளின் கடைசியில், அடி தாங்காமல் கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்ட அக்கா, காட்டூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் சிப்பிக் காளான் போட்டாள். ஒரே ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வந்த தைரியம். அப்பா கெடு வைத்திருந்தார்.

"சித்திரை முடியறதுக்குள்ள ஏதாவது வந்தா இங்கேயே இரு. இல்லேன்னா மாப்பிள்ளை வந்து கூப்பிடறப்ப பேசாம கிளம்பிடணும்."

திருச்சி வெயிலில் காளானுக்குக் கெடு வைக்க அப்பாவால்தான் முடியும்.

வேகவைத்த வைக்கோலை விதையோடு பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, உத்தரத்தில் வரிசையாகக் கட்டியிருந்தாள். தரையில் ஈர மணல், சுவரெல்லாம் ஈரச் சாக்கு. தூசியும் ஈயும் வராமல் ஜன்னலுக்கு அப்பாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து நனைத்துத் தொங்கவிட்டோம். அரை மணி நேரத்தில் அது அப்பளமாகக் காய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் அனல் காற்று, மூடினால் உள்ளே புழுக்கம். எது சரி என்று கேட்க ஆளில்லை. ஆளுக்கொரு குடம் தூக்கியதுதான் மிச்சம்.

பதினெட்டாம் நாள் பைகளில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் தெரிந்தன. அக்கா அழுதேவிட்டாள். மூன்று நாள் போனால் பறிக்கலாம் என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா குளிக்கப் போன நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு பையில பச்சையா பூசணம் பிடிச்சிருக்குடி. கொஞ்சம் மஞ்சத் தண்ணி தெளிச்சு விடு. எந்தக் கிருமியும் அண்டாது."

வீடு முழுக்கத் தெளிப்பதுதானே என்று நானும் கை நிறைய மஞ்சள் கரைத்துத் தெளித்தேன். காளானும் பூசணத்தோடு பிறந்ததுதான் என்று பி.எஸ்ஸி. படித்த எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. மூலையில் இன்னும் மொட்டு விடாமல் இருந்த பைக்கு மட்டும் கை எட்டவில்லை.

இரண்டே நாளில் மொட்டுகள் பழுப்பேறிச் சுருண்டன. மஞ்சளா, வெயிலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா மஞ்சள் கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். சாப்பிட்டார். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் பஸ் ஏறினாள். நான் வாசலில் நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வாரம் அந்த மூலைப் பை கொத்தாக, வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அப்பா பின்னறை வாசற்படியில் நின்று பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று அக்காவின் கடிதம் வந்தது. "மூலைப் பை என்னாச்சு? ஜன்னல் துணி காயாமப் பார்த்துக்கோ" என்று எழுதியிருந்தாள்.

ஒன்றும் முளைக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம் என்று பதில் போட்டேன்.